என் தரவைக் கேட்டேன், பாஸ்போர்ட் நகல் கேட்கிறார்கள்: கொடுக்க வேண்டுமா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது கோயம்புத்தூர் திரும்பிவிட்டீர்கள். அங்கே இருந்தபோது அடிக்கடி பொருள் வாங்கிய ஓர் இணையக் கடைக்கு, ‘என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் நகல் கொடுங்கள்’ என்று இப்போதைய ஜிமெயிலில் இருந்து மெயில் போட்டீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பினால்தான் மேற்கொண்டு பார்ப்போம் என்று அவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். ‘அவர்களிடம் இருப்பதே அதிகம் என்றுதான் கேட்கிறேன், அதற்கு இன்னும் ஒன்றைக் கொடு என்கிறார்களே, கொடுக்கலாமா, மறுத்தால் என்ன ஆகும், எனக்குப் பதிலாக மியூனிக்கில் இருக்கும் நண்பர் கேட்கலாமா’ என்கிறீர்கள். கடையின் பழைய கணக்கில் இன்னும் லாகின் செய்ய முடிகிறது என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பதிலில் பாதி அந்த வரியில்தான் இருக்கிறது.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நீங்கள் யார் என்று சரிபார்க்க அவர்களுக்கு உரிமை உண்டா என்பது ஒன்று. அதற்குப் பாஸ்போர்ட் நகல்தான் வழியா என்பது இன்னொன்று. முதலாவதற்கு, உங்கள் விஷயத்தில் ஆமாம். இரண்டாவதற்கு, அநேகமாக இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு பக்கம் ‘எதையும் கொடுக்காதே, சட்டம் உன் பக்கம்’ என்றும், மறுபக்கம் ‘கேட்டால் கொடுத்துவிட்டுப் போயேன், பாஸ்போர்ட்தானே’ என்றும் ஆளுக்கொரு பதில் வருகிறது. நான் வழக்கறிஞர் இல்லை. ஐரோப்பாவில் ஒரு நிறுவனத்தில் இப்படி வரும் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்துப் பதில் அனுப்பும் குழுவில் பல வருடமாக இருக்கிறேன். ஆகவே மேஜையின் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும். உங்களுக்கு வந்த கடிதத்தை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சட்டத்தில் சந்தேகமே இல்லாத பகுதியை முதலில் முடித்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15-ஆவது பிரிவுப்படி உங்கள் தரவின் நகலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் இந்தியக் குடிமகன், இப்போது கோவையில் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் அந்த உரிமையைக் குறைக்காது. நிறுவனம் ஐரோப்பாவில் இயங்குகிறது, அது போதும். கட்டணம் கிடையாது. ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும், சிக்கலான விண்ணப்பமாக இருந்தால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அடையாளம் பற்றி 12-ஆவது பிரிவின் 6-ஆவது உட்பிரிவு பேசுகிறது: கேட்பவர் யார் என்பதில் நியாயமான சந்தேகம் இருந்தால், அதைத் தீர்க்கத் தேவையான கூடுதல் தகவலைக் கேட்கலாம். ‘நியாயமான சந்தேகம்’, ‘தேவையான’ என்ற இந்த இரண்டு நிபந்தனைகளையும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருகிற எல்லோரிடமும் கண்ணை மூடிக்கொண்டு பாஸ்போர்ட் கேட்பது இந்த இரண்டிலும் அடங்காது. ஆனால் உங்கள் கணக்கு ஒரு மெயிலில் இருக்கிறது, நீங்கள் எழுதியது வேறொரு மெயிலில் இருந்து. சந்தேகம் வருவதற்கு அது நியாயமான காரணம்தான். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் நிறுத்திக் கேட்டிருப்பேன்.

ஏன் என்றால், கேட்டவுடன் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒருவர் செய்தே காட்டியிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த ஜேம்ஸ் பாவுர் 2019-இல் பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் வைத்த ஆய்வு அது. தனக்கு நிச்சயமான பெண்ணின் சம்மதத்தோடு, அவர் பெயரில் சுமார் 150 நிறுவனங்களுக்கு ‘என் தரவைக் கொடுங்கள்’ என்று எழுதினார். கையில் இருந்தது பெயர், மெயில் முகவரிகள், தொலைபேசி எண் மாதிரி வெளியே எளிதில் கிடைக்கிற விவரங்கள் மட்டும். அந்தப் பெண்ணின் தரவு இருந்த 83 நிறுவனங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று வேறு எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டது. இன்னும் 16 சதவீதம், யாரும் எளிதில் போலியாகச் செய்துவிடக்கூடிய சான்றைக் கேட்டன. ஒரு ஹோட்டல் நிறுவனம் அவர் தங்கிய இரவுகளின் முழுப் பட்டியலைக் கொடுத்தது. ரயில் நிறுவனங்கள் பல வருடப் பயணங்களைக் கொடுத்தன. முதல் சுற்றில் கிடைத்ததை வைத்து இரண்டாம் சுற்றில் அடுத்த நிறுவனத்தை நம்ப வைத்தார் என்பதுதான் இதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 3 சதவீத நிறுவனங்கள் கேள்வியையே தப்பாகப் புரிந்துகொண்டு அந்தப் பெண்ணின் கணக்கை அழித்துவிட்டன.

சரி, அப்படியானால் பாஸ்போர்ட் கேட்பதுதானே பாதுகாப்பு என்று தோன்றும். தோன்றும், ஆனால் அவ்வளவு சுலபமில்லை. அதே 2019-இல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே மாதிரி 55 நிறுவனங்களைச் சோதித்தார்கள். 15 நிறுவனங்கள் தவறான ஆளிடம் தரவைக் கொடுத்துவிட்டன. மெயிலில் வரும் ஸ்கேன் ஒரு படம், அவ்வளவுதான். விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைக் கையில் வாங்குகிறார், சாய்த்துப் பார்க்கிறார், உள்ளே இருக்கும் சிப்பைப் படிக்கிறார், எதிரில் நிற்கும் முகத்தோடு ஒப்பிடுகிறார். ஒரு கடையின் வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் ஒன்றுமே முடியாது.

என் மேஜையில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு விண்ணப்பம் வருகிறது. கூடவே ஒரு பாஸ்போர்ட் ஸ்கேன், பளிச்சென்று, மூலை மடங்காமல். பெயரைத் தேடினால் அதே பெயரில் மூன்று கணக்குகள் வருகின்றன. எந்தக் கணக்கிலும் பாஸ்போர்ட் எண் இல்லை, புகைப்படம் இல்லை, பிறந்த தேதிகூட ஒன்றில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் வாடிக்கையாளர் கூப்பனுக்காக ஏதோ போட்டு வைத்தது. இப்போது இந்த ஸ்கேன் எனக்கு எதைச் சொல்கிறது? இந்தப் பெயரில் உலகத்தில் ஒருவர் இருக்கிறார் என்று சொல்கிறது. மூன்று கணக்கில் எது அவருடையது என்று சொல்லவில்லை. ஆனால் படிவத்தில் ‘அடையாளச் சான்று பெறப்பட்டது’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தால் வேலை அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடும். பல இடங்களில் பாஸ்போர்ட் கேட்கப்படுவதற்கு அந்தக் கட்டத்தைத் தவிர வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நிறுவனம் உறுதி செய்துகொள்ள வேண்டியது, இந்தத் தரவு யாருடையதோ அதே ஆள்தான் இப்போது கேட்கிறாரா என்பதை மட்டும்தான். ரயில் நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை எடுக்கும்போது அங்கே இருப்பவர் உங்கள் பெயரையா கேட்கிறார்? வண்டியில் செருகியிருக்கும் பாதி டோக்கனோடு உங்கள் கையில் இருக்கும் மீதி பொருந்துகிறதா என்று பார்க்கிறார். தரவு விஷயத்திலும் அப்படித்தான். நிறுவனத்திடம் ஏற்கெனவே ஒரு பாதி இருக்கிறது: மெயில் முகவரி, பாஸ்வேர்டு, ஆர்டர் எண்கள், பொருள் வந்து சேர்ந்த முகவரி, பணம் போன வழி. நீங்கள் காட்டும் சான்று அதோடு பொருந்தினால் மட்டுமே அது சான்று. அவர்களிடம் ஒப்பிட ஏதும் இல்லாத புதுத் தகவலைக் கொடுத்தால், தரவுக் கிடங்கில் இன்னொரு சாமான் சேருமே தவிர உறுதி கூடாது. ‘இருப்பதே அதிகம் என்றுதான் கேட்கிறேன்’ என்று நீங்கள் எரிச்சலில் எழுதியது சட்டப்படியும் நல்ல வாதம்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுப் பழகியவர்களின் பாஸ்போர்ட்டில் அது சில நேரம் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், சில நேரம் அந்த இடமே காலியாக இருக்கும். குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்று அச்சடிப்பார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். கடைக் கணக்கிலோ ‘செந்தில் எம்’ என்று இருக்கும். டெலிவரிக்காரர் புரிந்துகொள்ள வசதியாக எழுத்துக்கூட்டலையும் மாற்றிப் போட்டிருப்போம். வீட்டுவாசல் அழைப்பு மணியில் ஒட்டியிருந்தது வேறொரு வடிவமாக இருக்கும். இப்படிப்பட்டவர் பாஸ்போர்ட்டை அனுப்பினால் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று அதே பாஸ்போர்ட்டைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். பிறகு அப்பா பெயருக்கும் தனக்கும் உள்ள உறவை ஒரு கடைக்கு விளக்கிக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அப்புறம், எதிராளி யார் என்பதிலும் பொதுவாக ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. ஆள்மாறாட்டம் என்றால் எங்கோ இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஹேக்கரைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடைமுறையில் அதிகம் பயப்பட வேண்டியது தெரிந்தவர்களுக்கு. பிரிந்து போன கணவன் அல்லது மனைவி, சொத்துத் தகராறில் இருக்கும் சொந்தக்காரர், பழைய அறைத்தோழர். இவர்களுக்கு உங்கள் பிறந்த தேதி தெரியும், அம்மாவின் பெயர் தெரியும், பழைய முகவரி தெரியும். உங்கள் பாஸ்போர்ட் நகலே பழைய மெயிலில் எங்காவது கிடக்கும். ஜெர்மனியின் 1&1 தொலைபேசி நிறுவன வழக்கு இதற்கு நல்ல உதாரணம். வாடிக்கையாளர் ஒருவரின் முன்னாள் துணைவி கால் சென்டருக்குப் போன் செய்து, மனைவி என்று சொல்லி, அந்த வாடிக்கையாளரின் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னார். அவருடைய புது நம்பரைக் கேட்டு வாங்கிவிட்டார், அதை வைத்துத் தொல்லையும் கொடுத்தார். பெயரும் பிறந்த தேதியும் போதும் என்று வைத்திருந்ததற்காக, மத்தியத் தரவுப் பாதுகாப்பு ஆணையர் 2019 டிசம்பரில் 95.5 லட்சம் யூரோ அபராதம் விதித்தார். தப்பு தப்புதான், ஆனால் தொகை அதிகம் என்று பான் நீதிமன்றம் 2020 நவம்பரில் அதை 9 லட்சமாகக் குறைத்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி பின் நம்பர் கொடுக்க ஆரம்பித்தது. கவனியுங்கள், அவர்கள் கண்டுபிடித்த தீர்வில் பாஸ்போர்ட்டுக்கு இடமே இல்லை.

எது வேலை செய்யும் என்றால், ஏற்கெனவே இருக்கும் கதவுதான். நீங்கள் வழக்கமாக நுழையும் லாகினே அடையாளச் சரிபார்ப்பாகப் பயன்படலாம் என்று ஜிடிபிஆர் முகவுரையின் 57-ஆவது பத்தி சொல்கிறது. கணக்குக்குள் போய் அங்கிருந்தே விண்ணப்பம் போட்டால், அல்லது பதிவு செய்த மெயிலில் இருந்து எழுதி அதற்கு வரும் ஓடிபி இணைப்பை அழுத்தினால், ஒரு கடையைப் பொறுத்தவரை அது தாராளமாகப் போதும். அதே கணக்கை வைத்து ஆயிரம் யூரோவுக்குப் பொருள் வாங்க விட்டவர்கள், வாங்கிய பட்டியலைக் காட்ட மட்டும் அது போதாது என்று சொல்ல முடியாது. லாகினும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பது உண்மை. கணக்கையே கைப்பற்றியவன் ‘என் தரவை இறக்கு’ என்ற ஒரே பொத்தானில் பல வருட வரலாற்றை அள்ளிக்கொண்டு போகலாம். அதனால் தரவை வெளியே விடும் முன் பாஸ்வேர்டையோ இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையோ இன்னொருமுறை கேட்பதும், பதிவான மெயிலுக்குத் தகவல் சொல்லி ஓரிரு நாள் பொறுப்பதும் நல்ல வழக்கம். அப்படி யாராவது கேட்டால் எரிச்சல்படாதீர்கள்.

ஆளைச் சரியாகச் சரிபார்த்துவிட்டு அடுத்த படியில் கோட்டை விடுவதும் நடக்கிறது. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் சி-டி கணினிப் பத்திரிகை வெளியிட்ட செய்தி நினைவிருக்கலாம். அமேசானிடம் தன் தரவைக் கேட்ட ஒருவருக்கு, முன்பின் தெரியாத வேறொருவரின் அலெக்சா குரல் பதிவுகள் சுமார் 1,700 வந்து சேர்ந்தன. கேட்டவர் அலெக்சாவே வைத்திருக்கவில்லை. பதிவுகளைக் கேட்டே பத்திரிகைக்காரர்கள் அந்த இன்னொருவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மனிதத் தவறு என்று நிறுவனம் சொன்னது. வாசலில் எவ்வளவு கடுமையாகச் சோதித்தாலும் உள்ளே தவறான கோப்பை எடுத்துக் கொடுத்தால் பயனில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் அனுப்பும் முன் இரண்டாவது ஆள் ஒருவர் கோப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் பெயரையும் கணக்கு எண்ணையும் பார்த்த பிறகுதான் அது வெளியே போகும்.

பாஸ்போர்ட் கேட்பது நியாயமே ஆகாதா என்றால், ஆகும். வங்கி, காப்பீடு, மருத்துவமனை மாதிரி இடங்களில் வெளியே போகப்போகும் தரவு கனமானது. அவர்களில் பலர் ஆரம்பத்திலேயே உங்கள் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவு செய்திருப்பார்கள், அதனால் ஒப்பிடவும் அவர்களிடம் ஏதாவது இருக்கும். பழைய மெயில் செத்துவிட்டது, போன் நம்பர் மாறிவிட்டது, லாகினும் போச்சு என்றால் கடைகூட ஏதாவது ஒரு சான்று கேட்க நேரிடலாம். அப்போதும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2023 மார்ச்சில் இறுதி செய்த வழிகாட்டுதல் கடிவாளம் போடுகிறது. அடையாள அட்டை நகல் கேட்பதைப் பொதுவாகப் பொருத்தமான வழியாகக் கருதக்கூடாது, கேட்டாலும் தேவையில்லாத பகுதிகளை மறைக்கலாம் என்று நிறுவனமே சொல்ல வேண்டும், பார்த்து முடித்ததும் ‘அட்டை பார்க்கப்பட்டது’ என்று குறிப்பு எழுதினால் போதும், நகலைச் சேர்த்து வைக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். வாரியத்தின் வழிகாட்டுதல் சட்டம் ஆகாது, ஆனால் புகாரை விசாரிக்கும் அதிகாரிகள் கையில் வைத்துக்கொண்டு பேசுவது அதைத்தான்.

எனக்குப் பிடித்த விதி கலிஃபோர்னியாவில் இருக்கிறது. அங்கே கணக்கு இல்லாதவர் கேட்டால் எத்தனை விவரம் பொருந்த வேண்டும் என்று எண்ணிச் சொல்லிவிட்டார்கள். எந்தெந்த வகைத் தரவு வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டால், நிறுவனத்திடம் ஏற்கெனவே இருப்பதோடு 2 விவரங்கள் பொருந்தினால் போதும். தரவையே கேட்டால் 3 விவரங்களும், பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். அதோடு, என்ன சரிபார்த்தாலும் சமூகப் பாதுகாப்பு எண், ஓட்டுநர் உரிம எண், பாஸ்வேர்டு போன்றவற்றை அப்படியே பதிலில் அனுப்பக்கூடாது. ‘உங்கள் உரிம எண் எங்களிடம் இருக்கிறது’ என்று சொன்னால் போதும், எண்ணைச் சொல்லத் தேவையில்லை. ஆள் தவறாகப் போனாலும் இழப்பு குறையும், அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. அதிகம் கேட்டவர்களும் அங்கே மாட்டியிருக்கிறார்கள். தரவை விற்காதே என்று சொல்வதற்குச் சரிபார்ப்பே தேவையில்லை, அதற்கும் தேவைக்கு மேல் விவரம் கேட்டதாக 2025 மார்ச்சில் அமெரிக்கன் ஹோண்டா நிறுவனத்துக்கு 6,32,500 டாலர் அபராதம் போட்டார்கள்; அந்த உத்தரவில் வேறு குறைகளும் இருந்தன.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பழைய கணக்கில் லாகின் செய்யுங்கள். உள்ளே ‘தரவுப் பாதுகாப்பு’ அல்லது ‘தொடர்பு’ பகுதி இருந்தால் அங்கிருந்தே விண்ணப்பத்தை மறுபடி போடுங்கள். இல்லாவிட்டால் இந்த அளவில் ஒரு மெயில் எழுதுங்கள்: ‘இன்ன தேதியில் அனுப்பிய என் விண்ணப்பம் குறித்து. என் கணக்கு இன்ன மெயில் முகவரியில் உள்ளது. அதில் நுழைந்து என்னை உறுதிப்படுத்தத் தயாராக இருக்கிறேன். கடைசி இரண்டு ஆர்டர் எண்களும் அப்போதைய டெலிவரி முகவரியும் கீழே உள்ளன. 12-ஆவது பிரிவின் 6-ஆவது உட்பிரிவின்படி, இதற்கு மேலும் என்ன சந்தேகம், அதைத் தீர்க்கப் பாஸ்போர்ட் நகல் ஏன் தேவை, உங்களிடம் உள்ள எந்தத் தகவலோடு அதை ஒப்பிடுவீர்கள் என்று தெரிவியுங்கள்.’ அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அநேகமாக அதற்கு அவர்களிடம் பதில் இருக்காது. கோபமாக எழுத வேண்டாம். அந்தப் பக்கம் படிப்பவர் பெரும்பாலும் ஒரு வார்ப்புருக் கடிதத்தை ஒட்டி அனுப்பியவர்தான். சட்டப் பிரிவோடு ஒரு கேள்வி வந்தால் மேலதிகாரிக்கோ தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கோ தள்ளிவிடுவார், நமக்கு வேண்டியதும் அதுதான். கூடுதல் தகவலை அவர்கள் உடனடியாகக் கேட்டிருந்தால், நீங்கள் பதில் சொல்லும்வரை ஒரு மாதக் கெடு நின்றிருக்கும். அதனால் மௌனமாக இருந்தால் நஷ்டம் உங்களுக்கு.

சலித்துப்போய் நகலை அனுப்பியே விடலாம் என்று முடிவு செய்தால் எப்படி அனுப்புவது என்பதாவது தெரிந்திருக்கட்டும். கடைசிப் பக்கத்தை அனுப்பவே வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டின் அந்தப் பக்கத்தில் அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி பெயர்கள், முகவரி, பழைய பாஸ்போர்ட் எண் எல்லாம் இருக்கும், அவற்றில் ஒன்றுக்கும் அந்தக் கடைக்கு வேலை இல்லை. முதல் பக்கத்தில் பெயரையும், அவர்களிடம் பிறந்த தேதி பதிவாகியிருந்தால் அதையும் விட்டு மற்றதை மறைத்துவிடுங்கள். பலர் மேலே இருக்கும் பாஸ்போர்ட் எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கறுப்படித்துவிட்டு, அடியில் அம்புக்குறிகளாக ஓடும் இரண்டு வரிகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வரிக்கு 44 எழுத்து, அதற்குள் பெயர், பாஸ்போர்ட் எண், நாடு, பிறந்த தேதி, காலாவதித் தேதி அத்தனையும் இருக்கிறது. அதையும் சேர்த்து மறையுங்கள். போனில் ஹைலைட்டரை வைத்துப் பூசினால் வெளிச்சத்தைக் கூட்டினாலே அடியில் இருப்பது தெரிந்துவிடும், பிடிஎஃப்பில் மேலே வைத்த கறுப்புக் கட்டத்தையோ சுலபமாக நகர்த்திவிடலாம். முழுக் கறுப்புக் கட்டம் போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை அனுப்புங்கள். நடுவில் குறுக்காக ‘இன்ன நிறுவனத்துக்கு, தரவு விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதுங்கள். முடிந்தால் கணக்கின் பாதுகாப்பான பதிவேற்ற வசதியில் ஏற்றுங்கள், சாதாரண மெயிலில் வேண்டாம்.

ஆதாரை அனுப்பலாமா என்றும் கேட்கக்கூடும் என்பதால் சொல்கிறேன், வேண்டாம். ஜெர்மன் கடைக்கு அதை வைத்து ஒப்பிட எதுவுமே இல்லை. நமக்கு எதற்கெடுத்தாலும் ஒரு ஜெராக்ஸ் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்துப் பழக்கம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவிப்பு விட்டது. இரண்டே நாளில் மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் அறிவுரை நல்ல அறிவுரைதான், மறைக்கப்பட்ட ஆதார் இப்போதும் கிடைக்கிறது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. தரவைக் கேட்கும் உரிமை உள்ளிட்ட பெரும்பகுதி அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும். வந்த பிறகு இங்கேயும் இதே கேள்வி எழும், இங்கேயும் ஓடிபிக்குப் பதில் ஆதார் நகல் கேட்பவர்கள் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

கணக்கே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று யாராவது தொடர்ந்து கேட்டால், அங்கேயும் பொருத்திப் பார்க்கும் அதே வழிதான். சிசிடிவி பதிவு வேண்டும் என்றால் நாள், மணி, இடம், அன்று போட்டிருந்த உடை, ஒரு முகப்படம் போதும், பாஸ்போர்ட் எண்ணை வைத்துக்கொண்டு வீடியோவில் யாரையும் தேட முடியாது. விளம்பர நிறுவனத்திடம் கேட்டால் உங்கள் பிரௌசரில் அவர்கள் போட்ட குக்கியின் எண்ணை எடுத்துக் கொடுக்கலாம். ‘உங்களை எங்களால் அடையாளம் காண முடியவில்லை’ என்று ஒரு நிறுவனம் சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. அதே நேரம், நாளைக்கு யாராவது கேட்பார்கள் என்பதற்காகவே கூடுதல் தகவலைச் சேர்த்து வைக்கவும் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாது.

அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத இடம், வீடியோ அழைப்பில் முகத்தையும் அட்டையையும் காட்டச் சொல்வது. வங்கிக்கு அது வழக்கம். ஒரு துணிக்கடை அப்படிக் கேட்டால் தேவைக்கு மீறியது என்பது என் கருத்து, ஆனால் கணக்கில் சேமித்த கார்டுகளும் கடன் தவணைகளும் இருந்தால் ஓர் அதிகாரி வேறு மாதிரி நினைக்கலாம். வெளியே போகும் தரவு எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்துத்தான் அளவு மாறும்.

கேள்வி கேட்டும் கடை பிடிவாதமாக இருந்தால், அல்லது பதிலே போடாவிட்டால், புகார் கொடுக்கலாம். செலவு இல்லை, வக்கீல் வேண்டாம், கோவையில் இருந்தே இணையத்தில் கொடுக்கலாம். ஜெர்மனியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. கடையின் தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் என்று அவர்கள் தளத்தில் நிறுவன விவரங்கள் இருக்கும் ‘இம்ப்ரெசும்’ பக்கத்தில் பார்த்து அந்த ஆணையத்துக்கு எழுதுங்கள். முதல் விண்ணப்பம், அவர்கள் பதில், லாகின் வழியாக உறுதிப்படுத்தத் தயார் என்று நீங்கள் எழுதிய மெயில், மூன்றையும் தேதியோடு இணையுங்கள். மாதக்கணக்கில் ஆகலாம், பொறுமை வேண்டும். நீங்கள் மாற்று வழி கொடுத்தும் அவர்கள் மறுத்தார்கள் என்று காகிதத்தில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும்.

மியூனிக் நண்பர் கேட்கலாமா என்றால், கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் கொடுத்தால் கேட்கலாம். ஆனால் அப்போது நிறுவனம் உங்களைச் சரிபார்க்க வேண்டும், அவரைச் சரிபார்க்க வேண்டும், அந்தக் கடிதம் உண்மையா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பாஸ்போர்ட் கேட்ட இடத்தில் இரண்டு கேட்பார்கள். லாகின் வேலை செய்யும்போது அவரை இதில் இழுக்க வேண்டாம்.